ஒரு வாஷர் மாற்றப் போய் சுவரையே உடைக்கணுமா? (பழைய ஜிஐ பைப் வீடு, ஆலோசனை தேவை)

மாடிவீடு87:
எல்லோருக்கும் வணக்கம். நங்கநல்லூரில் 1987இல் அப்பா கட்டிய வீடு. கீழே அப்பா அம்மா, மாடியில் நாங்கள். அன்று போட்ட ஜிஐ பைப்தான் இன்றும் ஓடுகிறது, எல்லாம் சுவருக்குள். கீழ் குளியலறைக் குழாய் சொட்டுகிறது. அடியில் ஒரு வாளி வைத்தோம், அந்தத் தண்ணீரை அம்மா செம்பருத்திக்கு ஊற்றுகிறார், அதனால் அது பழுது என்பது போய் ஒரு ஏற்பாடாகவே ஆகிவிட்டது. காலையில் முதல் மக் தண்ணீர் பழுப்பாக வருகிறது. மாடி ஷவரில் நூல் மாதிரி ஒழுகுகிறது. சமையலறைக்குப் பின்சுவரில் ஓதம் ஏறி, பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது.

அப்பாவிடம் சொன்னால் "தை பொறக்கட்டும்" என்றார். தை பிறந்தது. "வெள்ளையடிக்கும்போது சேர்த்துப் பார்த்துக்கலாம், ரெண்டு தரம் ஏன் செலவு" என்றார். வெள்ளையடிப்பது அக்கா பெண்ணின் கல்யாணத்துக்குத் தள்ளிப்போனது. இப்போது ஆடி, ஆடியில் சுவரில் கை வைக்கக் கூடாதாம்.

பார்க்க வந்த பிளம்பர் ஒருவர் "முழு லைனையும் மாத்தணும் சார், டைல்ஸ் எல்லாம் உடையும்" என்றார். இன்னொருவர் குழாயைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "நான் தொட்டா உடைஞ்சிடும், அப்புறம் என்னைச் சொல்வீங்க" என்று டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். எங்கிருந்து ஆரம்பிப்பது?

சும்மா ஒரு வாசகன்:
அப்பா சொல்வதுதான் சரி. தொட்டால்தான் பிரச்சினை, தொடாதவரை ஓடும். நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி என்றால் நாலு லிட்டர் சொச்சம். அதுவும் செம்பருத்திக்குப் போகிறது. இதற்காக டைல்ஸ் உடைப்பதா? முழு லைனையும் மாற்றச் சொல்பவருக்கு அது ஒரு வார வேலை, அவர் அப்படித்தான் சொல்வார்.

பழைய மேஸ்திரி:
வாசகன் தம்பி கணக்கு சரி, ஆனால் சொட்டை மட்டும்தான் கணக்கு போட்டிருக்கிறார்.

அப்பாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜிஐ பைப் என்றால் இரும்பு பைப், மேலே துத்தநாகப் பூச்சு. முனையில் மரை வெட்டும்போது அந்த இடத்தில் பூச்சும் போய்விடும், இரும்பின் கனமும் குறைந்துவிடும். ஆகவே துரு முதலில் பிடிப்பது மரையில்தான். வெளியே பார்த்தால் குழாய் நன்றாக இருக்கும். சுவருக்குள் நிப்பிளும் (இரு முனையிலும் மரை உள்ள குட்டை பைப் துண்டு) எல்போவும் (வளைவு) சேரும் இடம் பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். ரிஞ்ச் போட்டுக் குழாயைத் திருகினால் அந்த வேகம் நேராக நிப்பிளுக்குப் போகும். பாதி மரை எல்போவுக்குள்ளேயே முறிந்து நிற்கும். அப்புறம் சுவரை உடைக்காமல் வழி இல்லை. உங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனவர் இதை அனுபவித்தவர் என்று நினைக்கிறேன்.

ஆனால் வாஷர் மாற்றக் குழாயைச் சுவரிலிருந்து கழற்றவே வேண்டாம். பழைய பித்தளைக் குழாய் என்றால் மேல் தலையை மட்டும் கழற்றினால் போதும். ஒரு ரிஞ்சால் குழாயின் உடலை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொன்றால் தலையைத் திருக வேண்டும். ஒற்றை ரிஞ்சோடு வருகிற ஆளை அனுப்பிவிடுங்கள்.

இப்போது என் கேள்வி. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கீழே இறங்கும் லைனில் கேட் வால்வு இருக்குமே, அது மூடுகிறதா?

மாடிவீடு87:
இப்போதுதான் மேலே போய்ப் பார்த்தேன் மேஸ்திரி ஐயா. மூன்று வால்வு இருக்கின்றன. ஒன்றின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் நிற்கவில்லை. இரண்டாவது அசையவே இல்லை. மூன்றாவதில் சக்கரமே கிடையாது.

பழைய மேஸ்திரி:
அதுதான் உங்கள் வீட்டு நோய். சொட்டுகிற குழாய் இல்லை.

யோசித்துப் பாருங்கள். வால்வு மூடாத வீட்டில் ஒரு வாஷர் மாற்ற வேண்டுமானால் தொட்டியை முழுக்க இறக்க வேண்டும். அதற்கு முன் எல்லோரும் குளித்து, சமைத்து, அண்டா குண்டாவில் பிடித்து வைக்க வேண்டும். வந்த ஆள் ஒரு சாமான் வாங்கக் கடைக்குப் போய் மதியம் திரும்பி வரவில்லை என்றால் இரவு வரை வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கால் மணி நேர வேலைக்கு ஒரு நாள் வீடே ஸ்தம்பிக்கும். யார்தான் தள்ளிப்போட மாட்டார்கள்? நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்த ஆள் சொல்கிறேன், பழைய வீடுகளில் வேலை தள்ளிப்போவதற்குப் பாதிக் காரணம் மொட்டைமாடியில்தான் இருக்கும். சோம்பல் என்று வீட்டுக்காரரைச் சொல்வார்கள், வால்வை யாரும் சொல்வதில்லை.

சக்கரம் சும்மா சுற்றுகிறதென்றால் உள்ளே ஸ்பிண்டில் மரை தேய்ந்து தகட்டிலிருந்து விட்டுப்போயிருக்கும். அசையாதது உப்புப் படிந்து இறுகியது. இரண்டையும் கெஞ்சிப் பயனில்லை. மூன்றையும் எடுத்துவிட்டுக் கைப்பிடி வைத்த பித்தளை பால் வால்வு போடச் சொல்லுங்கள், கால் சுற்றில் மூடும், கைப்பிடி நிற்கிற திசையைப் பார்த்தாலே திறந்திருக்கிறதா என்று தெரியும். (கடையில் வெறுமனே 'பால்' என்று கேட்டால் தொட்டிக்குள் மிதக்கிற பால் காக்கை எடுத்துக் கொடுப்பான். 'லைன்ல போடுற பால் வால்வு' என்று கேளுங்கள்.) ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு யூனியன் கட்டாயம். யூனியன் இருந்தால் அடுத்த தடவை எதையும் வெட்டாமல் கழற்றலாம்.

எச்சரிக்கை ஒன்று. உங்களுடையது கான்கிரீட் தொட்டியா? தொட்டிச் சுவருக்குள் பதித்த நிப்பிளைத் திருகவே கூடாது. அது முறிந்தால் தொட்டியைக் கொத்த வேண்டும். அதைத் தாண்டி வெளியே இருக்கிற பைப்பை ஆக்ஸா பிளேடால் அறுத்து, அறுத்த இடத்தில் மரை போட்டு அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். நிப்பிள் ஏற்கெனவே அரித்திருந்தால் அது வேறு வேலை, நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தாம்பரம் அக்கா:
இழையைக் கடத்துவதற்கு மன்னிக்கவும். நான் வாடகைக்கு இருப்பவள். வீட்டுக்காரம்மா எது கேட்டாலும் "நீங்கதானே யூஸ் பண்றீங்க, நீங்களே பார்த்துக்கோங்க" என்கிறார். சமையலறைக் குழாய்க்கு அடியில் பைப்பே ஒழுகுகிறது. இதுவும் என் தலையிலா?

ஒப்பந்தம் படித்தவன்:
அக்கா, தமிழ்நாட்டில் வீட்டுச் சொந்தக்காரர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையைப் பாருங்கள். கட்டடத்தின் அடிப்படை பழுது, வெள்ளையடிப்பு, தேவைப்படும்போது பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் சொந்தக்காரர் பங்கு. குழாய் வாஷர், குழாய், கழிவறை, வாஷ்பேசின், கீசர் பழுது, அடைப்பு எடுப்பது வாடகைதாரர் பங்கு. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுதான் செல்லும், ஆகவே முதலில் உங்கள் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். பைப் ஒழுகுவதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். வாய்ச்சொல்லுக்குத் தேதி கிடையாது.

தாம்பரம் அக்கா:
நன்றி தம்பி. பத்திரம் இருக்கும் பீரோ சாவியைத் தேடுகிறேன். அதையும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன் :)

கணக்கு வாத்தியார்:
மாடி ஷவர் பற்றி யாரும் பேசவில்லையே. 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு அழுத்தம் ஏறத்தாழ 1 பார். உங்கள் ஷவருக்கு மேல் தொட்டியின் நீர்மட்டம் 2 மீட்டர் இருந்தால் அதிகம், அதாவது 0.2 பார். இது வீடு கட்டிய நாளிலிருந்தே அவ்வளவுதான். அன்று வந்த தண்ணீர் இன்று வரவில்லை என்றால் பைப்பின் உள்ளே இடம் போய்விட்டது. துருவும் சுண்ணாம்பும் படிந்து உள்விட்டம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் பாதியாகக் குறையாது, ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதனால்தான் பல வருஷம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டுக் கடைசியில் திடீரென்று நின்றுபோன மாதிரி தோன்றும்.

ஆனால் அதற்கு முன் ஷவர் தலையைக் கழற்றிப் பாருங்கள். அதில் உப்பு அடைத்திருப்பதே காரணமாக இருந்தால் எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்தால் முடிந்தது. தலையில்லாமலும் நூலாகத்தான் வருகிறது என்றால் பைப்.

மாடிவீடு87:
தலையைக் கழற்றியும் அதேதான் சார். மச்சான் ஒருவர் "பிரஷர் பம்பு வச்சுடு, பிச்சிக்கிட்டு வரும்" என்கிறார்.

கணக்கு வாத்தியார்:
பிச்சிக்கிட்டு வருவது பைப்பாக இருக்கும். இத்தனை வருஷம் 0.2, 0.5 பாரில் பழகிய துருப்பிடித்த லைனில் ஒன்றரை, இரண்டு பார் ஏற்றினால் பலவீனமான மரை எது என்று பம்பு தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்கும். லைன் புதிதானபின் வேண்டுமானால் யோசியுங்கள்.

கோவைக்காரி:
எங்கள் ஊரில் பல வீடுகளில் நல்ல தண்ணிக்கு ஒரு லைன், உப்புத் தண்ணிக்கு ஒரு லைன். சிறுவாணி வருகிற குழாய்க்கு ஒன்றும் ஆகாது, போர் தண்ணீர்க் குழாய் முனையில் வெள்ளைப் பூ பூத்துவிடும். சென்னையில் மெட்ரோ வாட்டரும் போரும் ஒரே தொட்டியில் கலப்பதால் எதன் வேலை என்றே தெரியாது. குடிநீர்த் தரநிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 600 வரை. போர் தண்ணீரை ஒருதரம் பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள்.

பழுப்புத் தண்ணீருக்கு ஒரு எளிய சோதனை. விடியற்காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் தொட்டிக்குள்ளிருந்து நேராக ஒரு மக் மொண்டுகொள்ளுங்கள். குளியலறைக் குழாயில் முதலில் வருவதை இன்னொரு மக்கில் பிடியுங்கள். தொட்டித் தண்ணீர் தெளிவு, குழாய்த் தண்ணீர் பழுப்பு என்றால் பைப் துரு. இரண்டும் பழுப்பு என்றால் தொட்டி அடி வண்டல் அல்லது போரில் இரும்பு. எடுக்கும்போது தெளிவாக இருந்து, வைத்திருந்தபின் செம்மை தட்டினால் போரில் இரும்பு. சுடுதண்ணீர் மட்டும் பழுப்பு என்றால் கீசர். கீசருக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும், டேங்கை அரிக்கவிடாமல் அது தன்னைத்தானே கரைத்துக்கொண்டிருக்கும். அது கரைந்து தீர்ந்ததும் அரிப்பு டேங்குக்குத் திரும்பும். சர்வீஸ் ஆள் வரும்போது அந்தக் கம்பியைக் காட்டச் சொல்லுங்கள்.

வயர்மேன் குமாரு:
பிளம்பிங் இழையில் எலக்ட்ரீஷியனுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், ஒன்று சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்து வீடுகளில் எர்த் ஒயரைத் தண்ணீர் ஜிஐ பைப்பில் சுற்றிக் கிளாம்ப் போட்டு விட்டுவிடுவார்கள். பைப் தரைக்குள் போகிறது, எர்த் கிடைத்தது, வேலை முடிந்தது. நீங்கள் அந்த ஜிஐ பைப்பை வெட்டி நடுவே பிளாஸ்டிக் பைப் போட்ட அன்றே வீட்டின் எர்த் அறுந்துவிடும். குழாயில் தண்ணீர் நன்றாக வரும். கீசரில் கசிவு வந்தால் அந்த மின்சாரம் போக இடம் இருக்காது, ஈரக் கையோடு தொடுகிற ஆள் வழியாகத்தான் போகும். பைப் வேலைக்கு முன்னால் எர்த் எங்கே போகிறது என்று பார்த்து, தனியாக எர்த் குழி இல்லை என்றால் முதலில் அதைப் போடுங்கள். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே இறங்கும் சுவிட்ச்) இல்லை என்றால் அதுவும்.

குளிக்கும்போது குழாய் லேசாகச் சுரீர் என்கிறதா? ஓதம் ஏறிய சுவரில் ஸ்விட்ச் போர்டு இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் தை, ஆடி எதுவும் கிடையாது. மெயினை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

மாடிவீடு87:
குமாரு அண்ணா, சுரீர் இல்லை. ஆனால் ஓதச் சுவரில் மிக்சி பாயின்ட் இருக்கிறது! இப்போதே அந்த சர்க்யூட் எம்சிபியை இறக்கிவிட்டேன். அம்மா மிக்சியைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எர்த் ஒயர் எங்கே போகிறது என்று அப்பாவைக் கேட்டேன். "பின்னால அடி பம்பு பக்கம் ஒரு பைப்புல கட்டினான்" என்றார். இத்தனை வருஷத்தில் இதை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லையாம்.

பழைய மேஸ்திரி:
குமாரு சொன்னதுதான் இந்த இழையிலேயே பெரிய விஷயம்.

அவர் சொன்னதோடு, சீலிங்கில் ஈரம் படர்ந்தால் கான்கிரீட் கம்பி துருப்பிடித்து ஊதும், காரை பெயர்ந்து விழும், அதைத் தள்ளிப்போட முடியாது. சாக்கடை லைன் கசிவு சம்ப்புப் பக்கம் இருந்தாலும் அப்படித்தான். மெட்ரோ வாட்டர் எப்போதும் ஓடுவதில்லை. தண்ணீர் விடாத நேரத்தில் லைன் வெறுமையாக இருக்கும், நாம் அடி பம்பால் இழுக்கும்போது ஓட்டை விழுந்த இடத்தில் வெளியே நிற்கிற அழுக்கும் உள்ளே வரும். தண்ணீரில் வாடை வந்தால் அன்றே குடிப்பதை நிறுத்திப் புகார் கொடுங்கள். அப்புறம், வெகுநாள் மூடிக்கிடந்த சம்ப்பில் கழுவுவதற்காக யாரையும் சட்டென்று இறக்காதீர்கள், உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்காது. செப்டிக் டேங்கில் ஆளே இறங்கக் கூடாது, பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013 சட்டம் தடை செய்கிறது, லாரியைத்தான் கூப்பிட வேண்டும்.

மற்றபடி சொட்டுகிற குழாய், நூலாக வரும் ஷவர், பழுப்புத் தண்ணீர் எல்லாம் மெதுவாக வரிசையில் வரட்டும். தள்ளிப்போடுவதே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சும்மா ஒரு வாசகன்:
எர்த் விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கேட்கிறேன், ஓதச் சுவருக்குள் பைப்தான் கசிகிறது என்று எப்படித் தெரியும்? மழை ஓதமாக இருக்கலாம், தரையிலிருந்து ஏறும் உப்பாக இருக்கலாம். சுவரை உடைத்துப் பார்த்துவிட்டு 'இங்கே இல்லை சார்' என்றால்?

பழைய மேஸ்திரி:
நியாயமான கேள்வி. உடைக்காமல் கண்டுபிடிக்கவும் அந்த வால்வுதான் வேண்டும். மூன்று லைனுக்கும் புது வால்வு போட்டபின், இரவு எல்லோரும் படுக்கும்போது சமையலறை லைனை மட்டும் திறந்துவிட்டு மற்ற இரண்டையும் மூடுங்கள். மோட்டாரைப் போடாதீர்கள். தொட்டியில் நீர்மட்டத்துக்குப் பென்சிலால் கோடு. காலையில் பாருங்கள். 1 மீட்டருக்கு 1 மீட்டர் தொட்டியில் மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் 10 லிட்டர் போயிருக்கிறது. மறுநாள் அதையும் மூடிப் பாருங்கள். மூடினால் இறங்கவில்லை, திறந்தால் இறங்குகிறது என்றால் அந்த லைன்தான். இரண்டு இரவும் இறங்கவே இல்லை என்றால் வாசகன் தம்பி சொல்வதுபோல் மழையோ தரையோ. மாடியில் ஃப்ளஷ் டேங்க் இருந்தால் அதில் கொஞ்சம் கேசரி பவுடர் கலந்துவிட்டு, கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். பேசினில் நிறம் எட்டிப் பார்த்தால் அங்கேயும் கசிவு.

கசிகிற லைன் எது என்று தெரிந்தால் சுவரை உடைக்கவே வேண்டாம். உள்ளே இருக்கிற ஜிஐயை அப்படியே செத்துப்போக விட்டுவிடுங்கள். மொட்டைமாடியிலிருந்து வெளிச்சுவர் வழியாகப் புது சிபிவிசி (பிளாஸ்டிக் பைப்) லைன் இறக்கி, குழாய் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு துளை. டைல்ஸ் ஒன்றிரண்டு போகலாம். அழகு கொஞ்சம் குறையும், பழுது பார்ப்பது சுலபம். வெயில் படுகிற இடத்தில் தண்ணீரில் கரையும் எமல்ஷன் பெயின்ட் அடியுங்கள், ஆயில் பெயின்ட் வேண்டாம். இரும்போடு பிளாஸ்டிக் சேரும் இடத்தில் பித்தளை மரை வைத்த ஃபிட்டிங் மட்டும். வெறும் பிளாஸ்டிக் மரையை இரும்பு மரை மேல் இறுக்கினால் பிளந்துவிடும்.

கோவைக்காரி:
அடைப்புக்கு ஆசிட் ஊற்றுகிறவர்களுக்கு: ப்ளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றாதீர்கள். குளோரின் வாயு வரும். கதவை மூடிய குளியலறையில் ஆபத்து.

மாடிவீடு87:
அப்பாவிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். டைல்ஸ் உடைப்பு இல்லை என்றதும் முகம் மாறியது. அவருக்குப் பணம் மட்டும் கவலை இல்லை போல, அந்தப் பச்சை டைல்ஸ் அம்மா தேர்ந்தெடுத்தது, அதே டிசைன் இப்போது எங்கும் கிடைக்காது. இதை இத்தனை நாள் வெளியே சொல்லாமல் தை, ஆடி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எர்த் குழிக்கு நாளைக்கே ஆள் வருகிறார். "அது தரையில தோண்டறது, சுவர் இல்ல, ஆடியில செய்யலாம்" என்று அவரே தீர்ப்பு சொல்லிவிட்டார். வால்வு வேலை ஞாயிற்றுக்கிழமை. முதலில் வந்து லைன் மாற்றச் சொன்ன பிளம்பரிடம் வால்வு மட்டும் கேட்டேன், "இதுக்கு எதுக்கு சார் ஒரு நாள், காலையில முடிச்சிடலாம்" என்கிறார்.

பழைய மேஸ்திரி:
காலையில் முடியும் என்றால் மதியம் முடியும். சனிக்கிழமை மாலையே சாமான் வாங்கி வைத்துவிடுங்கள், ஞாயிறு மதியத்துக்கு மேல் ஹார்டுவேர் கடைகள் மூடிவிடும். தொட்டியிலிருந்து இறங்கும் பைப் ஒன்றா, ஒன்றேகாலா என்று அளந்துகொண்டு போங்கள். வெளிச்சுற்றளவை நூலால் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டினால் சரியாகச் சொல்லிவிடுவார். வால்வு மூன்று, யூனியன் மூன்று, நிப்பிள் ஆறு, எண்ட் கேப் ஒன்று, டெஃப்லான் டேப் நாலு சுருள். அந்த எண்ட் கேப் எதற்கென்றால், வேலை பாதியில் நின்றுவிட்டால் ஒரு லைனையாவது அடைத்துவிட்டு மற்ற இரண்டையும் திறந்துகொள்ளலாம்.

தாம்பரம் அக்கா:
அந்தப் பட்டியலை நானும் எழுதிக்கொண்டேன். பீரோ சாவி கிடைத்துவிட்டது. பத்திரத்தில் பைப் பற்றி ஒரு வரியும் இல்லை!

ஒப்பந்தம் படித்தவன்:
அப்படியென்றால் அட்டவணைதான் அக்கா. போட்டோ அனுப்பியாச்சா?